மோட்டர் ஓடிய சனிக்கிழமை

விடியற்காலை ஐந்து மணிக்கு, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த தேத்தண்ணீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்று நடுங்கத் தொடங்கியபோது அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூவர்: அம்மா, ஏழு வயதுத் தங்கை ரீட்டா, பன்னிரண்டு வயதான நான். அப்பா அறைக்குள் இல்லை; சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டரின் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றிருந்தார். பெரியம்மா வரவேயில்லை. கொழும்பின் வடபக்கம், கொட்டாஞ்சேனையில் எங்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவர், "எஞ்சினுக்குப் பக்கத்தில படுக்க நான் என்ன ரயில் டிரைவரா?" என்று கேட்டுவிட்டு, தன் பாயோடும் மாதா படத்தோடும் அங்கேயே நின்றுவிட்டார். வெள்ளவத்தையில் எங்களுடைய முதல் விடியல் இது. ரீட்டா நிலம் அதிர்கிறது என்று அழுதாள். அம்மா எழுந்து கோப்பைகளுக்கு நடுவில் பழைய துணியைச் செருகினார். நான், அழவில்லை என்று காட்டுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகு பிடித்துக்கொண்டபின் யாரோ தெரிந்தவர் மூலம், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாலு மாடி, எட்டு வீடுகள் கொண்ட ஒரு பிளட்ஸில் "வாட்சர்", அதாவது காவல்காரர் வேலை கிடைத்தது. சம்பளத்தோடு ஓர் அறையும் தந்தார்கள். கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், படிக்கட்டின் வயிற்றுக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்த அறைதான் எங்கள் புதிய வீடு.

அதற்கென்று சில குணங்கள் இருந்தன. கடற்காற்றில் ஊதிப்போன கதவைச் சும்மா தள்ளினால் திறக்காது. கைபிடியைத் தூக்கி, முழங்காலால் ஓர் இடி கொடுக்க வேண்டும். உப்புப் போத்தலை மூடிவைத்தாலும் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். காலிமுகத் திடல் பக்கமிருந்து ரயில் வருகிறதா, தெஹிவளைப் பக்கமிருந்து வருகிறதா என்பதை யன்னல் கம்பியின் அதிர்விலேயே ரீட்டா சொல்லப் பழகிவிட்டாள். எல்லாவற்றையும்விட விசித்திரமானவை குழாய்கள். எட்டு வீட்டுக் குழாய்களும் எங்கள் சுவரோரமாகத்தான் ஏறி இறங்கின. யார் குளிக்கிறார்கள், யார் கோப்பை கழுவுகிறார்கள், எந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குச் சுவருக்குள்ளால் கேட்கும். ஒரு மாதத்துக்குள் அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே, "ரெண்டாம் மாடி ஐயா இன்னைக்கு வேலைக்குப் பிந்திட்டாரு, இப்பதான் குளிக்கிறாரு" என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

மோட்டரை அப்பா காதாலேயே ஓட்டினார். நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டி. அதிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். நிலத்தொட்டியின் மூடிமேல், வீட்டுக்காரர் சங்கத்தைப் பார்க்கும் செக்கரட்டரி அன்ரியின் கார் நிற்கும். அதனால் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. மேல்தொட்டி நிரம்பினால் வழியும் தண்ணீர் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் சோவென்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா எங்கிருந்தாலும் ஓடிவந்து சுவிட்சை அணைப்பார். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. ஒரு மாதம் போனபோது கோப்பைகளின் கிலுகிலுப்பு இல்லாவிட்டால் எங்களுக்கு விழிப்பே வராது என்றாகிவிட்டது.

வீடு பழகிவிட்டது. பழகாமல் போனது என் இடம்தான்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த "தோட்டத்தில்" செடி ஒன்றும் கிடையாது. ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய முப்பது, நாற்பது அறைகளுக்குத்தான் அங்கே தோட்டம் என்று பெயர். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், பெரியம்மாவுக்கு அதுவுமில்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தமிழும், பள்ளிக்கூடத்திலும் தெருவிலுமாகப் பொறுக்கிக்கொண்ட சிங்களமும் எனக்கு வாசிக்கத் தெரியும். கரண்ட் பில், கிராம சேவகரின் கடிதம், வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலின் சீட்டு எதுவாக இருந்தாலும் பெரியம்மா முன்னே நடக்க, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் வாசிப்பேன். பெரியம்மா, "படிச்ச புள்ள சொல்லிட்டான்ல, இனி போய் நிம்மதியாத் தூங்கு" என்று அவர்களை அனுப்புவார். எனக்குச் சீனி தூவிய "கிம்புலா பணிஸ்" ஒன்று கிடைக்கும். பணிஸைவிடவும் எனக்குப் பிடித்தது, வாசித்து முடியும்வரை அந்தப் பெரிய மனுசிகள் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

வெள்ளவத்தையில் யாரும் தாளோடு வரவில்லை. எட்டு வீட்டிலும் படித்தவர்கள். படிக்கட்டடியில் ஒரு பலகை இருந்தது; செக்கரட்டரி அன்ரி அடித்து ஒட்டும் நோட்டீஸ் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். வாட்சருக்கென்று ஒரு பிரதியை எங்கள் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுவார். அம்மா அதை எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகுவார். நான் எடுத்துப் பார்ப்பேன். எழுத்துக்கூட்டத் தெரியும், ஆறில் ஒரு சொல்லுக்குத்தான் அர்த்தம் தெரியும். "பிறகு வாசிக்கிறேன்" என்று திரும்பச் செருகிவிடுவேன்.

பிரணவன் அப்போதுதான் வந்தான். மூன்றாம் மாடி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், என் வயது, ஆங்கிலத்தில் படிக்கிறவன். சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்க அப்பாவிடம் பம்ப் கேட்டு வந்தவன், அம்மாவின் கையில் நோட்டீஸைக் கண்டதும் தானாகவே வாங்கி, சுவரில் சாய்ந்து, எதையோ மென்றபடி, "குப்பையைப் பொலித்தீனில கட்டிப் போடட்டாம், அவ்வளவுதான் அன்ரி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். நான் மூன்று நாளாக அதை வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அவனுக்கு, விருந்தாளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்.

அந்தக் கோப்பை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீலப் பூ. விளிம்பில் தங்கக் கோடு. காய்ச்சல் வந்து கிடந்தபோதுகூட எனக்கு அதில் தந்ததில்லை.

அதன்பிறகு அம்மா எந்தத் தாள் வந்தாலும், "தம்பி வரட்டும், காட்டுவோம்" என்று சொல்லத் தொடங்கினார். தம்பி என்றால் அவன். நான் "டேய்". தண்ணீர் பில்லில் மூன்று பாஷையும் இருக்கிறது என்று நான் சத்தம் போட்ட பிறகும், அதையும் அவனுக்காக எடுத்து வைத்தார். அவன் தமிழை எறும்பு ஊருகிற மாதிரி வாசிப்பான். நான் பக்கத்தில் நின்று திருத்துவேன். அம்மா என்னைப் பார்த்து, "நீ சும்மா இரு" என்பார். தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அவன் வாயைப் பார்ப்பார். கொட்டாஞ்சேனையில் அந்தப் பார்வை எனக்கு உரியதாக இருந்தது. போகப்போக அம்மாவின் பேச்சுக்கூட யாழ்ப்பாணத்துப் பக்கம் மாறியது. "ஆமா" என்ற இடத்தில் "ஓம்" வந்தது. ஒரு நாள் ரீட்டாவைப் பார்த்து, "சத்தம் போடாத, தம்பி கதைக்கிறார்" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் ரீட்டாவுக்கு நிறப் பென்சில் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் அறையில் உட்கார்ந்து மோட்டரின் சத்தத்தைக் கேட்பது அவனுக்குப் பிடிக்கும். "உங்கட வீட்டில எஞ்சின் ஒரு நாளைக்கு ரெண்டு தரம்தான் கத்துது. எங்கட வீட்டில அப்பா விடிஞ்சதிலயிருந்து" என்று ஒருமுறை சொன்னபோது என் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதுகு பிடித்ததிலிருந்து அப்பா அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பையும் அவன்தான் எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது.

அப்படியிருக்கையில் ஒரு வியாழக்கிழமை நோட்டீஸ் ஒன்று வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அது கதவடியில் கிடந்தது. நல்லவேளையாக அம்மா கண்டிருக்கவில்லை. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். எட்டு வரி. சனிக்கிழமை என்ற சொல் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, ஆறு மணி இரண்டு இடத்தில் இருந்தது. மற்றவை நீளமான சொற்கள். போன மாதமும் இப்படி ஒரு நோட்டீஸில் ஆறு மணி இருந்தது. அது கூட்டம் என்று பிரணவன் சொல்லியிருந்தான். அதனால் அம்மா வந்ததும் தாளை விரித்துப் பிடித்து, வரிவரியாக விரலை ஓட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "சனிக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணிக் காசு பத்திக் கூட்டமாம். வீட்டுக்காரங்களுக்குத்தான். நமக்கு ஒண்ணுமில்ல."

அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"சரியாத்தானே வாசிச்ச?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன?" என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரணவன் படியிறங்கி வந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தார். அவன் வாசலில் நின்று, "நோட்டீஸ் விளங்கினதோ? அம்மாட்ட ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போகட்டோ?" என்று கேட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

"தேவையில்ல. நான் வாசிச்சிட்டேன்."

"எல்லாம் விளங்கினதோ?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று கதவைத் தள்ளினேன். ஊதிய கதவு மூடவில்லை. முழங்காலால் இடித்து மூட வேண்டியிருந்தது. அதுவரை அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சுவர் பேசத் தொடங்கியது. முதலில் நாலாம் மாடி, பிறகு இரண்டாம் மாடி, பிறகு எட்டு வீடும். குளிக்கிற சத்தமல்ல, கோப்பை கழுவுகிற சத்தமும் அல்ல. வாளி நிரம்புகிற சத்தம். அடியில் தொம்மென்று விழுந்து, மெல்ல மெல்ல மேலேறிக் கூர்மையாகி, நின்று, அடுத்த வாளியில் மறுபடி தொம்மென்று விழும் சத்தம். ரீட்டா, "எல்லாரும் ஒரே நேரத்தில துணி துவைக்கிறாங்களா?" என்று கேட்டாள். அப்பா குழாய் ஒன்றில் காதை வைத்துக் கேட்டார். பின் என்னிடம் திரும்பினார்.

"அந்த நோட்டீஸ்ல தண்ணியப் பத்தி வேற ஒண்ணும் போடலையா மகன்?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று மாடி ஏறினால் போதும். ஆனால் ஏறினால் அங்கே அவன் இருப்பான்.

"கூட்டம்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

மேல்தொட்டி வற்றிவிட்டது என்று கண்டு அப்பா அன்றைக்கு மூன்றாவது தடவையாகவும் மோட்டரை ஓட்டினார். நிலத்தொட்டியில் மிச்சமிருந்ததும் ஏறிப்போனது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோப்பைகள் நடுங்கின. அப்பா வழக்கம்போலச் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒழுங்கையைக் கூட்டப் போனார், கூரையில் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காதை விட்டுவிட்டு. நான் படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோப்பைகளின் சத்தம் மாறியது. வழக்கமான கிலுகிலுப்பு அல்ல. மெலிந்து, வேகமாகி, குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. இந்த வீட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் நாங்கள் கற்றிருந்தோம். அது சரியில்லாத சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்ச் சுவிட்சை அணைக்க நாலு அடி தூரம். அணைத்தால், ஏன் அணைத்தாய் என்று கேட்பார்கள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கூரையில் தண்ணீர் விழவில்லை. கருகிய நாற்றம் வந்தது. அம்மாதான் முதலில் எழுந்து ஓடினார்.

மோட்டர் பழுதுபார்க்கும் பாஸ் பத்து மணிக்கு வந்து, மூடியைக் கழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், "பிச்சிலா" என்றார். வற்றிய தொட்டியில் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்துவிட்டது. வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து சனி மாலை ஆறு மணிவரை நகரத் தண்ணீர் வராது, வாட்சர் மோட்டரைப் போடவே கூடாது என்பதுதான் நோட்டீஸ். சனிக்கிழமை மாலை தண்ணீர் திரும்ப வந்தும் மேலே ஏற்ற வழியில்லை. வாளிகளில் பிடித்து வைத்தது முடிந்து, தண்ணீர் லொறிப் பவுசர்காரன் வந்து மொட்டைமாடித் தொட்டிக்குக் குழாய் போட வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுக் கூட்டம் நடந்தது. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பிரணவன் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. செக்கரட்டரி அன்ரி, "நோட்டீஸ் உங்களுக்கும் தந்தனான் தானே? விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே" என்றார். நான் பிரணவனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும்.

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா சொன்னார்: "கிடைச்சுது மிஸ். மகன் வாசிச்சுச் சரியாத்தான் சொன்னான். நான்தான் காலையில பழக்கத்தில போட்டுட்டேன். என் பிழை."

செலவு வாட்சர் பொறுப்பு என்று முடிவானது. அறைக்கு வந்ததும் அம்மா சோறு போட்டார். அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியபிறகு, "எட்டு வீட்டுக்காரன் முன்னுக்கு உனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு என்னால சொல்ல ஏலாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. அடித்திருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும்.

அடுத்த நோட்டீஸ் வந்தபோது அப்பா அதை அம்மாவிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். நான் விரித்துப் பார்த்தேன். பிறகு மூன்று மாடி ஏறினேன். "இத வாசிச்சுத் தர்றியா?" என்ற அந்தச் சின்ன வசனத்தை வாசல்வரை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பிரணவன் கதவைத் திறந்து, தாளை வாங்கி, மேசையில் விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம், ஒரு குத்தல் கதையாவது சொல்லியிருக்கலாம். நல்லவனாக இருப்பதிலும் அவன் என்னை முந்திக்கொண்டான் என்று அன்று முழுக்க எரிந்துகொண்டிருந்தேன்.

எரிந்துகொண்டேதான் படித்தேன். எனக்கு வாய்த்த முதல் ஆங்கிலப் பாடப்புத்தகம் அந்த நோட்டீஸ் பலகை: குப்பை, கார் நிறுத்தம், மொட்டைமாடியில் துணி காயப் போடாதே. பிறகு அவன் கழித்த பாடப்புத்தகங்கள். அவன் ஒரு பக்கம் படித்தால் நான் இரண்டு பக்கம். அவன் மறந்துபோகும் சொற்களை நான் ஞாபகம் வைத்திருப்பேன், அதுவும் அவன் முன்னால் சொல்லிக் காட்டுவதற்காகவே. பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையில் இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெறுபேறு வந்தபோது, எனக்குக் கிடைத்ததைவிட அவனுக்கு என்னைவிட அதிகமாகக் கிடைக்கவில்லை என்பதுதான் சந்தோசமாக இருந்தது. அவன் குடும்பம் மெல்பேணுக்குப் போன நாள் அரை நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பின்னேரம் நோட்டீஸ் ஒன்று வந்தது. எல்லாம் விளங்கியது. யாரிடம் போய்க் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இப்போது கொழும்புக் கோட்டைப் பகுதியில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறேன். சென்ற மாதம் அந்த ஒழுங்கையால் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். மோட்டர் புதிது, தண்ணீர் குறைந்தால் தானே நிற்கும், தொட்டி நிரம்பினாலும் தானே நிற்கும், யாரும் காது கொடுக்கத் தேவையில்லை. காவலுக்கு நிற்பவர் சீருடை போட்ட கம்பனி ஆள். வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகிறார். எங்கள் அறைக்குள் உடைந்த டைல்ஸும் ஏசிப் பெட்டிகளும் கிடந்தன. கதவை மாற்றிவிட்டார்கள், ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. தகரக் கூரை இருந்த இடத்தில் இன்னொரு பிளட்ஸ் எழும்பியிருக்கிறது. நீலப் பூக் கோப்பை மட்டும், அப்பா வேலையை விட்டபின் நாங்கள் திரும்பிப்போன கொட்டாஞ்சேனை வீட்டில் இருக்கிறது. அம்மா எனக்கு அதில்தான் இப்போது தேத்தண்ணீர் தருகிறார். தங்கக் கோடு அழிந்துவிட்டது.

பெரியம்மா இன்னும் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார், தாளுக்குப் பதில் இப்போது போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு. நான் வாசித்து முடித்ததும், "டியூசன் இல்லாமப் படிச்சவன். மேல்மாடிப் பையன்கிட்ட ஓசியில இங்கிலீஷ் படிச்சிட்டான்" என்று வந்தவர்களிடம் பெருமையடிப்பார். அப்பா மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், மறுத்துச் சொன்னதேயில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. ஓசியில் இல்லை. மோட்டரின் எரிந்த கம்பிச்சுருளைத் திரும்பச் சுற்ற ஏழாயிரத்து அறுநூறு, பவுசர் தண்ணீருக்கு நாலாயிரத்து ஐந்நூறு, பாஸுக்கும் அவருடைய ஆளுக்கும் பிளேன்டியும் பணிஸும் வாங்கிய வகையில் நூற்றைம்பது. அப்பாவின் சம்பளத்தில் ஏழு மாதம் வெட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபா.